அறிவித்தலுக்கு நடுவே பேசிய துரை

கனகேஸ்வரி அக்கா காலையில் எழுந்ததும் முதலில் கேட்பது சாவுச் செய்தி. காப்பியெல்லாம் அதற்குப் பிறகுதான். "விடிஞ்சதும் விடியாததுமா இது தேவையாக்கா?" என்று நான் கேட்காத நாளில்லை. அவர் காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொள்வார்.

தொண்ணூற்று ஒன்பதில் நாங்கள் இருவரும் மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் ஒரே பிளாட்டில் குடியிருந்தோம். எனக்குச் சேலைக் கடையில் வேலை. அக்கா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா இங்கே ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து, பென்ஷன் வாங்கியதும் மகன்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்கே திரும்பிவிட்டார். வேலை கிடைத்திருந்த அக்கா, வரமாட்டேன் என்று இங்கேயே நின்றுவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும், அதனால்தான் தினமும் சண்டையும் வரும்.

அப்பாவும் அண்ணன் வல்லிபுரமும் ஊரிலேயே இறந்துபோனார்கள். அண்ணி மீனலோசனி வெளிநாடு போனது தெரியும், எந்த ஊர் என்பது தெரியாது. மிச்சம் இருந்தது தம்பி சிவகுருநாதன் ஒருவர்தான். தொண்ணூற்று ஐந்தில் ஊரில் போர் முற்றியபோது, வீட்டை விட்டுக் கிளம்புகிறோம் என்று அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அதே சமயம் அக்கா வாடகைக்கு இருந்த பழைய ரயில்வே குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். தம்பி எழுதியிருந்தாலும் அது எங்கே போய்ச் சேரும்?

பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் அக்காவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்பாடு செய்து கொடுத்தார். திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்ல ஸ்கிரீன் ரீடரும் அதில் போட்டிருந்தார். அது மூக்கடைத்த வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷ் பேசும். நான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். துரைக்குத் தமிழ் வராது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஏதேதோ எழுத்துகளை ஒன்றொன்றாக உளறும். எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கான பாண்ட் இல்லாததால் என் கண்ணுக்கும் அதே குப்பைதான் தெரியும். ஆகவே படிக்க வழியில்லை. டொரோன்டோவில் தமிழர்கள் நடத்திய வானொலி இன்டர்நெட்டில் வந்தது, அதைக் கேட்க மட்டும் முடிந்தது.

"பாட்டு போடுறப்ப கேட்டா என்னவாம்? செத்தவங்க கணக்குத்தான் வேணுமா?" என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டேன்.

"இருக்கிறவையப் பற்றி ஒரு ரேடியோவும் சொல்லாது, பவுனு. ஆரும் செத்தாத்தான் சொந்தமெல்லாத்தையும் வரிசையா வாசிப்பினம். போய்ச் சேர்ந்தவைக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு வரும். அது வராட்டி ஆள் இருக்கு."

அதற்குப் பிறகு நான் கேலி பேசவில்லை. ஸ்பீக்கரில் 'மரண அறிவித்தல்' என்று குரல் வந்தாலே நானும் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் மோடம் கீச்சிட்டு லைன் கிடைத்தது. துரை ஒவ்வொரு பட்டனாகச் சொல்லச் சொல்ல, அக்கா கீபோர்டிலேயே வானொலியைத் திறந்தார். நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் டொரோன்டோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி மீனலோசனி வல்லிபுரம் அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற வல்லிபுரத்தின் அன்பு மனைவியும், கார்த்திகேசுவின் பாசமிகு தாயாரும்..."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி," என்றார்.

"...காலஞ்சென்ற..."

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெட்டி குதித்தது. வானொலி மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், இப்போதே வேண்டுமா, பிறகு வேண்டுமா என்று துரை ஊருக்கே கேட்கிற மாதிரி இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தார். அக்கா தட்டுத்தடுமாறி அவர் வாயை அடைப்பதற்குள் ஸ்பீக்கரில் மிஞ்சியது இவ்வளவுதான்:

"...சிவகுருநாதன் ஆகியோரின் அன்பு மைத்துனியும் ஆவார்."

அதோடு லைனும் அறுந்தது.

"ஆகியோர்னு வந்துச்சே அக்கா. அப்ப நடுவுல வேற ஒரு பேரு இருக்கு. காலஞ்சென்றங்கிறது அந்தப் பேருக்கா இருக்கும்," என்றேன்.

"காலஞ்சென்றவர்களான எண்டு ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லியிருந்தா?"

துரையைத் தூக்கி ஜன்னல் வழியே எறிய வேண்டும் போல இருந்தது. திரும்ப லைன் கிடைத்தபோது பாட்டுதான் ஓடியது. ஓர் அறிவித்தலை மூன்று நாள் தொடர்ந்து வாசிப்பார்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான். மறுநாள் காலை வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லீவு போடச் சொன்னேன். கேட்கவில்லை, பஸ் பிடித்து வேலைக்குப் போனார். ஒரு அழைப்பைக்கூடத் தப்பாகத் திருப்பாதவர், அன்று லோரி வரவில்லை என்று ஷா ஆலமிலிருந்து கத்தியவனை முதலாளியின் மனைவியோடு இணைத்துவிட்டாராம். சாயங்காலம் வந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது.

"அண்ணி செத்திட்டா. கலியாணமாகி இஞ்ச வந்த நாளில, சின்னப்பிள்ளையா இருந்த என்ர கையைப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. அவவுக்காக அழக்கூட எனக்கு வரேல்ல, பவுனு. முழுக்கத் தம்பிதான் நெஞ்சுக்க நிக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சோறு போட்டு, சாப்பிடச் சொல்லி அதட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

மறுநாள் ஒரு முடிவோடு உட்கார்ந்தோம். வானொலி ஒலிக்க ஆரம்பித்ததும் அக்கா துரையை முழுக்க நிறுத்திவிட்டார். துரை இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரில் அவருக்கு ஒன்றும் செய்ய முடியாது. பெட்டி ஏதாவது குதித்தால் மூடுவதற்கு நான் மவுஸைப் பிடித்துக்கொண்டேன். லைன் அறுந்துவிடக்கூடாது என்று ஹாலில் இருந்த இன்னொரு போனையும் பிடுங்கி வைத்தேன். கேக் விளம்பரம் வந்தது, அரிசி விளம்பரம் வந்தது. அந்த அரிசிக்காரனை நான் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

பிறகு அதே குரல். கரவெட்டி, மீனலோசனி, வல்லிபுரம், கார்த்திகேசு.

"...காலஞ்சென்ற கனகேஸ்வரி, மற்றும் சிவகுருநாதன் ஆகியோரின் அன்பு மைத்துனியும் ஆவார்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"மற்றும் எண்டு பிரிச்சுத்தானே சொன்னவை?"

"ஆமாக்கா. தெளிவா சொன்னாங்க."

"தம்பி இருக்கிறான்."

"இருக்காருக்கா. ஆனா உங்களை..."

"என்னை விடு. நம்பர் சொல்லுறான், பாடமாக்கு."

நான் பாடமாக்கத் தேவையிருக்கவில்லை. வானொலிக்காரர் தொடர்புக்கான எண்ணைச் சொல்லி முடிக்கும் முன்பே அது அக்காவின் மனதில் ஏறிவிட்டது. இன்டர்நெட்டை அறுத்துவிட்டு டொரோன்டோவுக்கு விரல் தடுமாறாமல் எண்களை அழுத்தினார். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள்.

"கார்த்திகேசுவோ? மாமி பேசுறன், மலேசியாவில இருந்து... ஓம், கனகேஸ்வரி மாமி. பயப்பிடாதையும், உயிரோடதான் பேசுறன்."

எதிர்முனையிலிருந்து மடமடவென்று சத்தம் வந்தது. அக்கா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணியின் பெயர் வந்தபோது கண்ணைத் துடைத்தார். தம்பி வவுனியாவில் இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டெலிபோன் கடைக்கு வந்து கார்த்திகேசுவோடு பேசுவாராம். தம்பி அக்காவுக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன, வீடே இல்லை என்று யாரோ வந்து சொன்னார்கள், அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவரும் நம்பிவிட்டார்.

பிறகு அக்காவின் முகம் கோணியது. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வருஷா வருஷம் எனக்குத் திவசம் செய்யிறானாம், பவுனு. அகதி முகாமில இருந்தும் விடேல்லையாம்."

மறுபடி ரிசீவரைக் காதில் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தா, இந்த வருஷம் வேண்டாமெண்டு அக்கா சொன்னவ எண்டு சொல்லும்," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.