தொப்பைக்கும் ஒட்டிய கன்னத்துக்கும் டச்சிங் செய்து தரப்படும்

போட்டோ பிடிக்கிற தொழிலில் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுவது சுலபம். ஆண்பிள்ளைகளின் உடம்போடு மல்லுக்கட்டுவதுதான் பிராணனை வாங்கும். மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் ஒரு மாடியில் நான் ஸ்டூடியோ நடத்திய காலத்தில், மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகர் முளைத்துக்கொண்டிருந்தது. புது வீடு கட்டியவர்களுக்கெல்லாம் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. கண்ணாடி பிளேட்டில் நெகடிவாக விழுந்த உருவத்தைத் திருத்துவதற்கு என்னிடம் காதர் பாய் என்று ஒருவர் இருந்தார். அவர் கத்தி நுனியால் சுரண்டிய இடம் படத்தில் கறுத்து மறையும்; பென்சிலால் தீட்டிய இடம் வெளுத்து நிரம்பும். இதற்கு டச்சிங் என்று பெயர்.

பெண்கள் நகை தெரிந்தால் போதும் என்று போய்விடுவார்கள். டச்சிங் கேட்டு எங்களை வதைத்தவர்கள் ஆண்கள்தான். இதைப் படிக்கிற உங்களுக்கும் தொப்பை இருக்கலாம், அல்லது கொஞ்சம் சதை போடவில்லையே என்ற ஏக்கம் இருக்கலாம். எப்படியானாலும் நீங்கள் நம்மவர்.

போன வயிறு

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் வெள்ளைப் பட்டுக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வந்தார். மாடிப்படி ஏறியதிலேயே அவருக்கு மேல்மூச்சு வாங்கிற்று. வேர்வை அடங்கும்வரை விசிறிவிட்டுப் பிறகு படம் எடுத்தோம். போகும்போது என் காதோரம் குனிந்து, வயிற்றைக் கொஞ்சம் கவனித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். காதர் பாய் கோட்டின் முன்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி அவரை வாலிபராக்கிவிட்டார். வக்கீலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சில நாள் கழித்து அவர் மனைவி படத்தோடு வந்தார். பார்க்கிறவர்கள் எல்லாரும் வக்கீலுக்கு என்ன வியாதி என்று விசாரிக்கிறார்களாம். சுரண்டிய பிளேட்டில் எதையும் திரும்ப ஒட்ட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் கேட்பதாக இல்லை. "ஆத்துல மாட்டியிருக்கறதைப் பார்த்துட்டு கட்சிக்காராளே கேக்கறா. நோயாளின்னு பேராயிட்டா யார் கேஸ் கொண்டு வருவா? மூச்சு வாங்கினா வாங்கிண்டு போறது, அந்த வயித்தைத் திரும்பப் போட்டுக் குடுங்கோ."

இரண்டு சட்டை மாப்பிள்ளை

மெலிந்தவனைக் கண்டால் க்ஷயரோகமாக இருக்குமோ என்று எல்லாரும் தள்ளி நின்ற காலம் அது. கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவர், பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று வந்தார். கோட்டுக்குள்ளே இரண்டு சட்டை, சட்டைக்குள்ளே ஒரு துண்டு. நன்றாகச் சாப்பிடுகிறவர்தான், ஒரு நாள் ஜுரம் என்று படுத்ததில்லை, சதை மட்டும் ஒட்டவில்லை. உடம்பைத் துணி பார்த்துக்கொண்டது. கன்னத்துக் குழியைக் காதர் பாய் பென்சிலால் மெழுகிவிட்டார்.

படத்தைப் பார்த்தவுடன் பெண் வீட்டார் வரச் சொல்லிவிட்டார்கள். நேரில் பார்த்ததும் பெண்ணின் தகப்பனார், இருமல் உண்டா, சாயங்காலத்தில் காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டாராம். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து உள்ளே போய்விட்டாராம். குமாஸ்தா திரும்ப என்னிடம் வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த படத்துல கன்னத்தைக் கொஞ்சம் கம்மியாவே போடுங்க சார். நேர்ல பார்க்கிறப்ப அவ்வளவு உசரத்திலேருந்து விழ வேணாம்."

முதலாளியின் பக்கவாட்டு

இத்தனை பேரைச் சொல்கிறேனே, நான் எப்படி என்று கேட்பீர்கள். பகலெல்லாம் நிற்பதும், இருட்டறையில் பக்கோடா தின்பதுமாக எனக்கும் முன்பக்கம் வளர்ந்துவிட்டது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் வயிறு முக்காலியில் இடித்துக் காமிரா ஆடும். இரண்டு பிளேட்டு வீணான பிறகு, என்னையும் ஒரு படம் எடுத்துச் சரி செய்து கொடுங்கள், வீட்டில் மாட்டுகிறேன் என்று காதர் பாயிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பக்கவாட்டில் பார்த்தார். "வேணாம் முதலாளி, பிளேட்டுல ஓட்டை விழுந்துடும்."

ஊரூர் குப்பத்து அழகன்

அடையாற்றில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரச் சித்திரக்காரர், ஊரூர் குப்பத்திலிருந்து அந்தோணி என்ற கட்டுமரக்காரரை அழைத்து வந்தார். படத்தை வைத்துக்கொண்டு சித்திரம் தீட்டுவாராம். அந்தோணி இடுப்புத் துணியோடு நின்றார். வயிற்றில் ஒரு சுருக்கம் கிடையாது. தோளும் விலாவும் செதுக்கி வைத்தது போலத் தனித்தனியாகத் தெரிந்தன. பிளேட்டைப் பார்த்த காதர் பாய் கத்தியையும் பென்சிலையும் பெட்டியில் வைத்துவிட்டார். இந்தப் பட்டணத்தில் இவனைப் போல் அழகன் ஒருவனைப் பார்க்கவில்லை என்று துரை சொன்னதை அந்தோணிக்குத் தமிழில் சொன்னேன்.

அது அடைமழைக் காலம். அந்தோணி என் நிலைக்கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் சொன்னதைத் துரைக்கு எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். "இன்னா அயகு கீது இதுல, நைனா? கடலுக்குப் போவ முடியாம வயிறு முதுவோட ஒட்டிக்கினு கீது. ஒரு மாசம் ரெண்டு வேளை சோறு துன்னா இதெல்லாம் கரைஞ்சி பூடும்னு அவராண்ட சொல்லு."

இரண்டு பிளேட்டுகள்

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சபாபதி முதலியார் எனக்குச் சிநேகிதர். கடை திறந்த புதிதில் அவரைப் படம் எடுத்தேன். மோவாய்க்குக் கீழே இன்னும் இரண்டு மோவாய், நாற்காலி கொள்ளாத உடம்பு, வாயெல்லாம் சிரிப்பு. டச்சிங் வேண்டாம் என்று சொன்ன ஒரே வாடிக்கைக்காரர் அவர்தான்.

சில வருஷம் கழித்து மாடிப்படியைத் தாவித் தாவி ஏறிக்கொண்டு ஒருவர் வந்தார். முதலியார் என்று அடையாளம் தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தொப்பை போய், தாடை எடுப்பாகி, கண்கள் பெரிதாகி, நாடகத்து ராஜா போல இருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எந்த லேகியம் என்று கேட்கிறார்களாம். லேகியமும் இல்லை, பட்டினியும் இல்லை. முன்னைவிட இரண்டு பங்கு சாப்பிடுகிறேன், தானாகக் குறைகிறது என்றார். பத்து வயது குறைந்துவிட்டது என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். படம் எடுத்து முடிப்பதற்குள் என் மண்பானைத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார். வெயிலின் தாகம் என்று நினைத்துக்கொண்டோம்.

மழை பிடிப்பதற்குள் முதுகில் ராஜபிளவைக் கட்டி புறப்பட்டது. நீரிழிவு முற்றிவிட்டது என்றார் டாக்டர். சீமையிலிருந்து வரும் ஊசி மருந்தைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். புண் ஆறவில்லை. பார்க்கப் போனபோது முதலியார் குப்புறப் படுத்திருந்தார். என் குரலைக் கேட்டு, படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டார். நன்றாக விழுந்திருக்கிறது என்றேன். அந்த வாரமே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்தபின், பெரிதாக்கி மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அவர் மனைவி தன் தம்பியோடு வந்தார். இரண்டு பிளேட்டிலிருந்தும் அச்சுப் போட்டு மேஜைமேல் வைத்தேன். தம்பி, புதுப் படத்தில் அத்தான் எவ்வளவு அழகாக இருக்கிறார் என்று அதைக் கையில் எடுத்தார். அந்த அம்மாள் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "அழகாத்தான் இருக்கார். ஆனா அது வியாதியோட படம். குண்டா சிரிச்சுக்கிட்டு இருக்காரே, அதைக் கொடுங்க."

இத்தனை வருஷத் தொழிலில் தன் உடம்போடு சமாதானமாக நாற்காலியில் உட்கார்ந்த ஆண்பிள்ளைகள் மிகச் சொற்பம். முகம் மட்டும் எடுக்கும்போது, கழுத்துக்குக் கீழே படத்தில் வராது என்று நான் தலையில் அடித்துச் சொன்ன பிறகும், மற்றவர்கள் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.