மெலிந்ததை வரம் என்று நம்பினோம்

தைப்பூச விரதத்தில் இருந்தபோது என் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. அதுதான் முதல் அறிகுறி. நான் அதை முருகன் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லாருமே பருமன். அப்பா அப்படி, சுங்கை பாக்காப்பில் இருக்கும் தம்பி சேகரும் அப்படி. எத்தனை முறை சோற்றைக் குறைத்தும் அசையாத உடம்பு, அந்த வருடம் ஒருவேளைச் சைவச் சாப்பாட்டில் தானாக இறங்கியது. தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி இறக்கி, மறுபடி மீனும் கோழியும் தின்ற பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலச்சூடு என்று மோர் குடித்தேன்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் விடவில்லை. "என்ன மருந்துண்ணே, எங்களுக்கும் சொல்லுங்கலா."

"மருந்தெல்லாம் இல்ல. விரதம் பிடி, அவன் பாத்துக்குவான்."

தம்பியிடமும் இதையே சொன்னேன். ரத்தம் போவது வெறும் சூடுதான் என்றும் சொல்லிவைத்தேன். அவனும் அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டான்.

வருடக் கடைசியில் வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். உடம்பில் ரத்தம் போதவில்லை என்றார்கள். கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். "அங்கிள், வீட்டுல எல்லாரும் இப்படித்தான் பருமனா?" என்று கேட்டார்.

"இது எங்க வம்ச உடம்பு டாக்டர்."

அவர் நிதானமாகச் சொன்னார். உடம்பில் கொழுப்பைச் சேர்க்கச் சொல்லும் சில ஜீன்கள் (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடம்பின் கட்டளைகள்) இருக்கின்றனவாம். அதே ஜீன்கள் குடலில் வந்த கட்டி வளரவும் துணை போகலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். முடிவாகச் சொல்ல முடியாது, அது ஒன்றே காரணமும் இல்லை என்றார்.

"அப்ப நான் மெலிஞ்சது நல்லதுதானே?"

"நீங்க மெலியல அங்கிள். அது உங்களத் தின்னுச்சு."

கூட வந்திருந்த என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "கல்யாணத்துல பாத்த மாதிரி ஆயிட்டாருன்னு நான் சுத்திப் போட்டேன் டாக்டர்" என்றாள்.

கூடப் பிறந்தவர்களையும் குடலைச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். ஃபோனில் தம்பியிடம் சொன்னேன். விரதம் முடியட்டும் என்றான். எனக்கு அறுவை முடிந்து கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) ஏறிக்கொண்டிருந்தது. தைப்பூசம் முடிந்து, பிரசாதத்தோடு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"ஸ்கோப்புக்குப் போடா."

"நீங்க விரதத்துல திருட்டுத்தனமா மீன்கறி தின்னிருப்பீங்க. அதான் முருகன் குடுத்தத திருப்பி வாங்கிட்டாரு. நான் சுத்தமா இருந்தேன்லா."

"விளையாடாத. ரத்தம் போவுதா?"

அவன் சிரிப்பு நின்றது. "கொஞ்சம். சூடுதாண்ணே. நீங்கதானே சொன்னீங்க."

அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போனான். வயிற்று வலி தாங்காமல் அவன் சோதனைக்குப் போனபோது நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது.

முருகன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் காட்டியதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். இதைப் படிக்கிறவர்கள் விரதம் இருங்கள், நானும் இருப்பேன். ஆனால் விரதம் முடிந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகும் உடம்பு இறங்கினால், யார் புகழ்ந்தாலும் கேட்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். ரத்தத்தைச் சூடு என்று சொல்லாதீர்கள்.

கீமோ முடிந்து எனக்கு எடை ஏறுகிறது. டாக்டர் சந்தோஷப்படுகிறார். எனக்குத் தராசில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. தம்பிக்குக் கீமோ ஏறும்போது பக்கத்தில் நான்தான் உட்காருகிறேன்.

"நாக்கு எப்பண்ணே சரியாவும்?"

"அடுத்த வாரம் கொஞ்சம் ருசி தெரியும்."

"விரல் சுருக்குச் சுருக்குன்னு குத்துது."

"குளிர் பட்டா அப்படித்தான். பச்சத்தண்ணியத் தொடாத. ஐஸ் பெட்டிக்குள்ள கைய விடாத."

என் உடம்பு பட்டதெல்லாம் அவனுக்கு முன்கூட்டியே வரும் சேதியாகிவிட்டது. அவனுடைய நாளைக்கு நான் நேற்றே போய் வந்தவன் போல, கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் டாக்டர் அவனுக்கு மருந்தை மாற்றினார். எனக்குப் போடாத மருந்து.

"இது என்னண்ணே செய்யும்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அவன் எனக்கு இளையவன். இனிமேல் அவன்தான் எனக்கு முன்னால் போகிறான்.