யாரும் கேட்காத கழிப்பறை வேலை

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள மாநகராட்சி நடுநிலைப்பள்ளி அது, நான் தலைமையாசிரியை. பெண்கள் கழிப்பறையின் கூரை பெயர்ந்து, கதவும் விழுந்த பிறகு, காலையில் வந்ததிலிருந்து மணி அடிக்கும்வரை நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் பிரேயரில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். "ஏம்மா தண்ணி குடிக்கல?" என்றேன். "குடிச்சா எங்க போறது மிஸ்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

மாநகராட்சி உதவிப் பொறியாளரை நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டேன். பெரிய வேலைகளுக்கெல்லாம் இப்போது ஆன்லைன் டெண்டர். எங்களுடையது போன்ற சில்லறை வேலைக்கு இன்னமும் அலுவலக வராண்டாவில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிதான். காண்ட்ராக்டர்கள் தங்கள் விலையைக் கவரில் போட்டு உள்ளே தள்ள வேண்டும். குறைவாகக் கேட்டவருக்கு வேலை. முதல் தடவை திறந்தபோது பெட்டி காலி. இரண்டாம் தடவை ஒரு பல்லி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

பொறியாளர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத பையன். நல்லவன், அதுதான் பிரச்சினை. அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு அவனே போய், "யாருக்கும் முன்னாடியே பேசி வைக்கலைங்க, யார் வேணும்னாலும் போடலாம்" என்று காண்ட்ராக்டர்களிடம் கெஞ்சினான். நானும் கூடவே போயிருந்தேன். தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர், டீயை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "சாரு இவ்ளோ கூவினு கீறாருன்னா உள்ள இன்னாவோ கீது மாமே. எவனும் கேக்காத வேலைன்னா பில்லு பாஸாவாது."

அடப்பாவிகளா! யாருக்காவது பேசி வைத்திருந்தால் சண்டைக்கு வருவார்களாம். யாருக்கும் பேசி வைக்கவில்லை என்றால் பயமாம். ஆட்டோவில் திரும்பும்போது பையன் தலையைப் பிய்த்துக்கொண்டான். நானோ என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராம் பிளாட்டுக்கு வந்ததிலிருந்து கையில் அளவு டேப்போடு அலைவார். பிரிட்ஜை அளப்பார், ஜன்னலை அளப்பார், ஒருநாள் நான் தூங்கும்போது கட்டிலை அளந்தார். "ஏங்க, அந்தக் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலன்னா, நாளைக்கு என் ஸ்கூலுக்கு வந்து கழிப்பறைய அளந்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க. யார் கேட்டாலும் வாயத் திறக்காதீங்க."

மனிதர் வாழ்க்கையில் முதன்முறையாக நான் சொன்னதை அப்படியே கேட்டார். வந்தார், அளந்தார், கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார், டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த டீக்கடை வழியாகவே நடந்தும் போனார். மறுநாள் காலை கண்ணாடிக்காரர் பள்ளி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"இன்னா மேடம், வேலைய வெளியூர் ஆளுக்குப் பேசி முடிச்சிட்டீங்களாமே? வெள்ள சட்ட அண்ணாத்த யாரு?"

"அவரப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்லைங்க" என்றேன். அது சத்தியமான உண்மை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

"நம்ம ஏரியால வெளியாளு வந்து வேல செய்வானா? பாத்துடலாம்!"

அந்த முறை பெட்டியைத் திறந்தபோது உள்ளே கவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பல்லிக்கு இடமில்லை. பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். இருப்பதில் குறைந்த விலை கண்ணாடிக்காரருடையதுதான்.

வேலை தொடங்கிய பிறகும் என் வீட்டுக்காரர் நிற்கவில்லை. ருசி கண்டுவிட்டார். தினமும் டேப்போடு வந்து புதுச் சுவரை அளப்பார். டெண்டரில் தோற்றுப்போன ஆள் பெட்டிஷன் போடத்தான் ஆதாரம் தேடுகிறான் என்று கண்ணாடிக்காரருக்கு ஒரே உதறல். ஒரு டைல் கோணலாக இருந்தாலும் அவரே பெயர்த்து மறுபடி ஒட்ட வைத்தார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டுமில்லை, நாங்கள் கேட்காத கொக்கியும் மாட்டினார். கடைசி நாளில் வெள்ளைச் சட்டை அண்ணாத்தையின் ஸ்கூட்டரில் நான் ஏறி உட்காருவதைப் பார்த்தவர் வாய் பிளந்து நின்றார். "மேடம்..." என்றார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வாரம் சத்துணவு ஆயா என் அறைக்குச் சண்டைக்கு வந்தார். "இன்னா டீச்சர் இது? மத்தியானத்துக்குள்ள குடிக்கிற தண்ணி டிரம்மு காலி! இந்தப் பொண்ணுங்க மொடா மொடாவா குடிக்குதுங்க. நான் எங்க போயி ரொப்புறது?"

ஆயா திட்டத் திட்ட, மகாராணி போல உட்கார்ந்து கேட்டேன். பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்ட வேண்டும் என்று அப்போதே பொறியாளருக்குப் போன் செய்தேன். அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டு, "ஏங்க, அந்த வெள்ளைச் சட்டையத் துவைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.