நிரப்பிய மண்மேல் ஒரு கேலரி

செம்மேட்டில் சந்தை கூடும் நாளில் நான் மலையேறுவேன். பேளுக்குறிச்சி என் ஊர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். மிளகு விலை, அன்னாசி வரத்து, வளைவில் கவிழ்ந்த லாரி என்று எழுத வேண்டியதை எழுதி முடித்ததும், மலைக்கிராமங்கள் சேர்ந்த திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு சரிவுக்குப் போய்விடுவேன். ராகி அறுத்த காட்டில் அங்கே கால்பந்து நடக்கும். நான் அடிவாரத்து ஆள், அங்கே யாருக்கும் சொந்தமோ பங்காளியோ இல்லை. அந்த ஒரு தகுதிக்காக என் கையில் விசிலைக் கொடுத்து நடுவராக்கினார்கள்.

அந்த மைதானத்தின் மேற்குக் கோடு மேட்டில் இருந்தது, கிழக்குக் கோடு பள்ளத்தில். மேட்டுக்கு மேலே அம்மன் குடியிருக்கும் சோலை. யார் பந்தை உதைத்தாலும் அது கடைசியில் பள்ளத்துக்குத்தான் வரும். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பள்ளத்துக் கோட்டில் வரிசையாக உட்கார்ந்து, பந்தைக் கையால் தடுத்து உள்ளே எறிவார்கள். அதையும் தாண்டிக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்குள் போனால்தான் அது வெளியே போன பந்து. பள்ளத்தில் உட்கார இன்னொரு காரணமும் இருந்தது. மேட்டில் உட்கார்ந்தால் சோலைக்கு முதுகு காட்ட வேண்டும். அதை அங்கே யாரும் செய்ய மாட்டார்கள். நான் ஒருமுறை தெரியாமல் மேட்டில் நின்றபோது, “ஏனுங்க சாமி, அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க, அப்புறம் விசில் எப்படி ஊதும்?” என்று கத்தினார்கள்.

அணியின் கேப்டன் கிழங்கு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அப்போதே முப்பதை நெருங்கியிருந்தான். அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. மாவட்ட லீக்கில் மலை அணி எல்லா ஆட்டத்தையும் கீழே போய்த்தான் ஆடியது. விடியற்காலை பஸ் பிடித்து, அத்தனை வளைவும் இறங்கி, சமவெளி வெயிலில் சமதளத்தில் ஆடித் தோற்றுவிட்டு வருவார்கள். சொந்த ஊரில் ஆட வேண்டுமானால் சமமான தரை, சுற்றுச்சுவர், உடை மாற்றும் அறை எல்லாம் இருக்க வேண்டும் என்பது லீக் விதி.

“ஒரே ஒரு ஆட்டமுங்க. அவனுக இந்த வளைவெல்லாம் ஏறி வாந்தியெடுத்துக்கிட்டு வரோணும். அப்புறம் தோத்தாலும் பரவாயில்லீங்க,” என்பான்.

மலைக்கு ஸ்டேடியம் வரப்போகிறது என்று உத்தரவு வந்தபோது, அந்தச் சரிவைக் கொடுக்கும்படி தன் அப்பனையும் பெரியப்பன்மார்களையும் சம்மதிக்க வைத்தவன் அவன்தான். மலையில் மரமில்லாத அவ்வளவு பெரிய இடம் வேறு இல்லை.

என்ஜினீயர் கொண்டுவந்த வரைபடம் சமவெளி ஊர்களுக்குப் போட்டது. ஊர்ப் பெயர் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். மேட்டைக் குடைந்து அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டித் தரையைச் சமமாக்க வேண்டும். கேலரி மேற்கே, குடைந்த பக்கத்தில், பாறைமேல் உட்கார வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் வரைபடம் சரியாக இருந்தது.

மாற்றச் சொன்னவர் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர். “கேலரி அந்தப் பக்கம் வேண்டாம் கண்ணு. அத்தனை சனமும் அம்மனுக்கு முதுகைக் காட்டி உக்காரப்படாது. கீழ்ப்பக்கம் வெச்சுக்குங்க. எப்பவும் அங்கதானே உக்காருறோம்.”

என்ஜினீயர் வரைபடத்தையும் சூரியனையும் பார்த்தார். “கீழ்ப்பக்கம் வெச்சா சாயங்காலம் வி.ஐ.பி. கண்ணுல வெயில் அடிக்குமே,” என்றார். பிறகு அவரே அதற்கு வழி கண்டுபிடித்தார். நடுவில் மட்டும் தகரக்கூரையை முன்னால் நீட்டிவிடலாம். அவ்வளவுதான். கீழ்ப்பக்கம் கேலரி நிற்கப்போவது புதிதாகக் கொட்டப்போகும் மண்மேல் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாறை உடைக்கும் வேலை மிச்சம் என்று காண்ட்ராக்டர் சிரித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர்க்கவுண்டர் கேட்டது மரியாதை. பந்து தடுக்க ஆள் தேவையில்லாத சமதளத்திலும் பழைய இடத்திலேயே உட்கார நினைத்தது அவர்களுடைய பிசகுதான். ஆனால் அவர் கேலரி கட்டப் படித்தவர் இல்லை. படித்தவர் செய்திருக்க வேண்டியது எளிது. அஸ்திவாரத்தைக் கொட்டிய மண்ணைத் தாண்டி அடிப்பாறைவரை இறக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இன்று நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கட்டியதையும் பார்த்தேன். மண்ணை லாரி லாரியாகக் கொட்டினார்கள். தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கவில்லை. ரோலர் மலையேறி வந்ததாகவே எனக்கு நினைவில்லை. மண்ணைத் தாங்க எழுப்பிய கற்சுவரில் தண்ணீர் கசிய ஒரு துளைகூட விடவில்லை. அதன்மேல் ஐந்து படிக் கேலரி. நடுவில் தகரக்கூரை. கீழே இரண்டு அறை, ஒன்றில் கதவே இல்லை. மைதானத்தைச் சுற்றி ஒரு சுவர், அதில் ஒரு கம்பிக் கேட். பளிங்குக் கல்வெட்டு மட்டும் குறையில்லாமல் வந்து சேர்ந்தது.

திறப்பு விழாவன்று சிறப்பு விருந்தினர் பந்தை ஒருமுறை உதைத்தார். அது நேராகப் போகவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அணிக்காரர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை. கேப்டன் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தான். நாற்காலியைத் தோளில் வைத்தபடியே என்னிடம், “சமமா இருக்குதுங்க பாருங்க, பந்து நிக்குதுங்க,” என்றான்.

அடுத்த ஐப்பசி மழையில் கற்சுவர் வயிறு தள்ளியது. கேலரியின் இரண்டாம் படியிலிருந்து கூரைத் தூண்வரை விரிசல் ஓடியது. என் உள்ளங்கை பக்கவாட்டில் அதற்குள் போனது. ஸ்டேடியம் கட்டிய அரசு ஆபீசிலிருந்து வந்து பார்த்தார்கள். கேலரி மாற்றி வைக்கப்பட்டது ஊரார் கோரிக்கையால் என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கேப்டன் சாவி கேட்டு ஆபீசுக்குப் போனபோது நானும் போனேன்.

“கேலரி டேஞ்சர்ப்பா. எவன் தலையிலயாவது விழுந்தா யார் பதில் சொல்றது?” என்றார் அதிகாரி.

“நாங்க கேலரியில ஆடலீங்களே. தரையிலதானுங்க ஆடறோம்.”

“ரெண்டும் ஒரே சொத்து. தனித்தனியாத் திறக்க முடியாது.”

“அப்ப எங்க சரிவையாச்சும் திருப்பிக் குடுத்துருங்க.”

அதிகாரி சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. அவன் கேட்டது நகைச்சுவை இல்லை. மேட்டைக் குடைந்தாகிவிட்டது. பள்ளத்தை நிரப்பியாகிவிட்டது. அவர்கள் ஆடிய இடம் உலகத்திலேயே இப்போது இல்லை.

இதற்குள் லீக் அட்டவணை வந்துவிட்டது. திறப்பு விழாவை நம்பி மலை அணிக்குச் சொந்த ஊரில் ஒரு ஆட்டம் போட்டிருந்தார்கள். ஆபீசில் ஒருவர், “அன்னிக்கு ஒரு நாள் திறந்து விடறோம்,” என்று வாயால் சொல்லியிருந்தார். கேப்டன் அதை நம்பினான்.

அன்று கீழிருந்து அணி வந்தது. அவன் ஆசைப்பட்டபடியே மூன்று பேர் வழியெல்லாம் வாந்தியெடுத்திருந்தார்கள். திருப்புலி நாடு முழுக்கச் சுவருக்கு வெளியே கூடிவிட்டது. கேட் பூட்டியே இருந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார்.

லீக் நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கெட்ட மனிதர் இல்லை. “மைதானம் தரவேண்டியது உங்க பொறுப்பு. நான் என்ன பண்ண?” என்றார். வந்த அணியின் பயிற்சியாளர், சும்மா ஒரு ஆட்டம் வேறு எங்காவது ஆடிவிட்டுப் போகலாம் என்றார். வேறு எங்கே? சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்தான்.

கேப்டன் பந்தைக் கம்பிக் கேட்டுக்கு மேலே தூக்கி உள்ளே எறிந்தான். நாங்கள் எல்லோரும் கம்பி வழியாகப் பார்த்தோம். பந்து தரையில் குதித்து, ஒரு கணம் நின்று, மெல்ல கேலரிப் பக்கம் உருளத் தொடங்கியது. நிரப்பிய மண் அந்த அளவுக்கு இறங்கியிருந்தது.

“மாமா, உங்க சரிவு திரும்பி வந்துருச்சு!” என்று கூட்டத்தில் ஒருத்தி கேப்டனைப் பார்த்துக் கத்தினாள். சிலர் சிரித்தார்கள். பந்து விரிசல் விட்ட படியில் போய் முட்டி நின்றது. அதை எடுத்து எறிய அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

நான் மலையிறங்கி முழுச் செய்தியும் எழுதி அனுப்பினேன். மண், சுவர், பூட்டு, எல்லாம். அடுத்த வாரம் பேப்பரில் வந்தது இரண்டு வரி. லீக் கொடுத்த முடிவுப் பட்டியலிலிருந்து யாரோ எடுத்துப் போட்டது: மலை அணி ஆட வராததால் எதிரணி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

சந்தை நாளில் கேப்டன் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். டீக்கடையில் யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். மூட்டையை இறக்காமலே என்னைப் பார்த்தான்.

“எங்கூட்டுக்கு நாங்க வரலீங்களாமா?”

நான் எழுதியது அது இல்லை என்று சொன்னேன். அவன் மூட்டையை லாரிமேல் தள்ளிவிட்டு அடுத்ததைத் தூக்கப் போய்விட்டான்.