கிணற்றுக்குள் யார் யார் இருக்கலாம்?

ஒரு கிணறு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்கிறோமே... யாருக்கு நன்றாக இருக்கிறது? திங்கட்கிழமையிலிருந்து இதே யோசனை. இரண்டு நாள் சாதம் குழைந்ததுதான் மிச்சம். விடை கிடைக்கவில்லை.

என் மகள் ருக்குவுக்கு இரண்டரை வயது. ஐப்பசியில் அவளுக்கு வந்த மலேரியாக் குளிர்காய்ச்சலைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். கொயினா மாத்திரை கொடுத்து எப்படியோ தேற்றிவிட்டோம். மறுபடி வராமல் இருக்க வேண்டுமே! அந்தப் பயத்தில்தான், திங்கட்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றபோது, சம்பந்தி வீட்டார் வந்ததுபோல வரவேற்றேன்.

அரியலூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவுக்கும் பொதுவாக ஒரே கிணறு. இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர். ஒரு வாளி இறைத்து வெயிலில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். வாளி முழுக்க நெளிகிற புழு! நாளைக்குக் கொசுவாகப் பறக்கப் போகிறவை.

"ஏம்மா, புழுவைத் தின்ன தவளை, மீனு ஒண்ணும் இல்லீங்களா இதுல?"

"இருந்துச்சு சார்..." என்று இழுத்தேன்.

"சொல்லேன் தங்கச்சி, வெக்கம் என்ன?" அஞ்சலை அக்கா முந்திக்கொண்டாள். "போன வருசம் காலராவுக்கு சிவப்பு மருந்து மூணு பொட்டலம் குடுத்தாங்க சார், வாரத்துக்கு ஒண்ணு கிணத்துல போடுங்கன்னு. இந்தப் பொண்ணு மூணையும் ஒரே நாள்ல கொட்டிடுச்சு. கிணறே ஆரத்தித் தண்ணி மாதிரி ஆயிடுச்சு!"

உண்மைதான். ஒரு பொட்டலம் நல்லது என்றால் மூன்று பொட்டலம் இன்னும் நல்லதில்லையா? பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் தோன்றும். மறுநாள் தவளைகளும் சின்னச் சின்ன மீன்களும் மல்லாந்து மிதந்தன. அள்ளி எறிந்துவிட்டு, 'அப்பாடா, கிணறு சுத்தம்' என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

"அப்போ... குழந்தைக்குக் காய்ச்சல் என்னாலதான் வந்துச்சா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. கொசு எங்கேயிருந்து வேணும்னாலும் வரும்" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "விடுங்க. பதினஞ்சு நாள்ல நான் மீன் கொண்டாந்து விடுறேன். புழுவெல்லாம் தின்னுடும். உள்ளே என்ன இருக்குன்னு பாத்துடலாம், ஒரு கண்ணாடி இருக்குங்களா?"

குடம் விழுந்தால் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்துத் தேடுவோமே, அதே வித்தை. அடடா! மூன்று வருஷமாக அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறேன், தண்ணீரைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. கல் இடுக்கெல்லாம் பச்சைப் பசேலென்று செடி. நத்தைகள். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே வலை பின்னியிருந்த ஒரு சிலந்தி. என் இடுப்பில் இருந்த ருக்கு திடீரென்று கத்தினாள்: "அம்மா, கல்லு நடக்குது!"

ஆமை! அத்தனை மருந்துக்கும் தப்பிப் பிழைத்த ஆமை. எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் முகம் மட்டும் சுருங்கியது. "இது மீனைத் தின்னாலும் தின்னுடும்மா. எடுத்து ஏரியில விட்டுடுங்க. இதால ஒரு பிரயோஜனமும் இல்லே."

"பிரயோஜனம் இல்லேன்னா எடுத்துடணுமா?" அக்கா இடுப்பில் கை வைத்தாள். "எங்க வூட்டுக்காரரு மூணு வருசமா கூடத்துல படுத்தே கிடக்காரு. அவரையும் சேத்து ஏரிக்கு அனுப்பிடவா சார்?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "ஏய், எனக்குக் காது கேக்குதுடி!"

சிரித்து முடித்த பிறகுதான் மனசு பரபரத்தது. மீனின் வேலை புழுவைத் தின்பது என்கிறார் இன்ஸ்பெக்டர். மீன் அப்படி நினைத்துக்கொண்டா நீந்துகிறது? அதற்குப் பசி, தின்கிறது. வேலை என்று பெயர் வைத்தது நாம். காலராவுக்குப் பயந்தபோது ஒன்றுமே இல்லாத கிணறு எனக்கு நல்ல கிணறு. குளிர்காய்ச்சலுக்குப் பயந்ததும் மீன் உள்ள கிணறு நல்ல கிணறு. கிணறு என்னவோ அதேதான் - மாறியது என் பயம்!

ருக்குவா, ஆமையா என்று கேட்டால் ஒரு நொடி யோசிக்க மாட்டேன். நான் தாய். ஆனால் கேள்வி அப்படி நேராகவா வருகிறது? தவளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதே, அது போன பிறகுதானே எனக்குத் தெரிந்தது. ஆமை அடியில் என்ன செய்கிறதோ? ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இருந்தால்தான் என்ன? உடனே இன்னொரு மனசு - மீனை அது தின்றுவிட்டால்? ருக்குவுக்கு மறுபடி அந்தக் குளிர் நடுக்கம் வந்தால்?

என் கணவரிடம் கேட்டேன். "நீ ஒரு முடிவுக்கு வா. ஆமையை எடுக்கணும்னா கூடையை நான் இறக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

மீன் வர இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. அதுவரை ருக்குவின் விளையாட்டெல்லாம் கொசுவலைக்குள். உங்களில் யார் வீட்டுக் கிணற்றிலாவது ஆமையும் மீனும் சேர்ந்து இருக்கின்றனவா? எத்தனை காலமாக? இல்லை, ஆமையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா? தயவுசெய்து உடனே ஒரு கார்டு போடுங்கள். இந்த ஒரு முறையாவது, முதலில் கேட்டுவிட்டுப் பிறகு செய்கிறேனே.