அண்ணி வீட்டைத் திருப்பி வைத்த சூரியன்

“அம்மா, இது நெஜ சூரியனா?”

என் மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. அவளுக்கு நான்கு வயது. கேட்டதோடு மறந்துவிட்டாள். நான்தான் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும்போதும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாதம் திருச்சியில் நடந்தது இது. நாங்கள் தென்னூரில் குடியிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் கிராஃபிக்ஸ் வேலை பார்த்தேன். கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர் பொன்னிறத்தில் சுழன்று வந்து நிற்குமே, மேலிருந்து நட்சத்திரமாகக் கொட்டுமே, அதெல்லாம் செய்கிற வேலை. மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். மறுபடி தொடங்க ஆசைதான். ஆனால் கை மறந்திருக்குமோ, மென்பொருள் எல்லாம் மாறிப் போயிருக்குமோ, குழந்தையைக் கவனிக்காமல் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தயங்கித் தயங்கியே நாள் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் கணவரின் அக்கா போன் செய்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

“கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சுடி. பத்திரிகை அடிக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். வாட்ஸ்அப்ல அனுப்ப நீதான் ஒரு வீடியோ பண்ணித் தரணும். என் தம்பி பொண்டாட்டி செஞ்சதுன்னு நான் எல்லார்கிட்டயும் பீத்திக்கணும், புரியுதா?”

அண்ணியின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் இருந்தது பகலிலும் டியூப் லைட் எரிய வேண்டிய ஒரு வாடகை வீட்டில். சொந்த வீடு என்றால் காலை வெயில் வாசலில் விழ வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். தரகர்கள் காட்டிய மனையை எல்லாம் “தெற்குப் பார்த்தது”, “மேற்குப் பார்த்தது” என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் மேலூர் பக்கம், வாழைத் தோப்பைத் தாண்டி, கிழக்குப் பார்த்த மனை ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து யார் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அந்தக் கிழக்கு வந்துவிடும்.

வீட்டின் போட்டோவை அண்ணியே எடுத்து அனுப்பியிருந்தார். மத்தியான நேரம், மேகமூட்டம். வெளுத்துப்போன வானத்துக்குக் கீழே சிமென்ட் நிறத்தில் ஒரு கட்டடம். அதை எப்படியாவது மங்களகரமாக்க வேண்டும் என்று நினைத்தேன். லென்ஸ் ஃப்ளேர் என்று ஒன்று உண்டு. கேமராவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி கதிர்களாகச் சிதறி, படத்தின் குறுக்கே சின்னச் சின்ன வண்ண வட்டங்கள் விழும். உண்மையில் அது கேமராவின் குறைதான். பார்க்க அழகாக இருப்பதால் நாங்கள் மென்பொருளில் வேண்டுமென்றே உண்டாக்கிச் சேர்ப்போம். நான் பழைய வானத்தை எடுத்துவிட்டு விடியற்கால வானத்தை வைத்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சூரியன் மெதுவாக எழுந்து வரும்படி செய்து, அதில் ஒரு பெரிய ஃப்ளேரைப் போட்டேன். அந்த ஒளி விரிய விரிய, அதற்குள்ளிருந்து ‘கிரகப்பிரவேச அழைப்பிதழ்’ என்ற எழுத்துகள் பொன்னாக வெளியே வரும்.

கை மறக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது என் மடியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த மகள்தான் திரையில் விரலை வைத்து, “அம்மா, இது நெஜ சூரியனா?” என்று கேட்டாள்.

“நெஜம் மாதிரி” என்றேன்.

“மாதிரின்னா?”

இன்னொரு விள்ளல் இட்லியை வாயில் வைத்துப் பேச்சை நிறுத்தினேன்.

எனக்கு எதையும் ஒரு முறை பார்த்தால் போதாது. கேஸை மூடினேனா என்று மாடிப்படி இறங்கிய பிறகு திரும்ப ஏறிப் பார்க்கிற ஆள் நான். அதனால் வீடியோவையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். இனிஷியல் சரியா, பெரியவர்கள் பெயர் வரிசை சரியா, ராகுகாலத்தில் அனுப்பிவிடக் கூடாதே, எல்லாம். என் கணவரிடம் காட்டினேன். அவரும் தன் பெயர் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு “சூப்பர்” என்றார். அனுப்பிவிட்டேன். அண்ணி அதைச் சொந்தபந்தம் எல்லோரும் இருக்கிற குரூப்பில் போட்டார். கைதட்டலும் பூங்கொத்துமாக வந்து குவிந்தன.

பிறகு அண்ணியின் சின்ன மாமனாரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கைலாசபுரத்தில் இருக்கிறார், எந்த விசேஷத்திலும் குழம்பில் உப்பு முதல் பந்தல் கால் வரை ஏதாவது ஒன்று சொல்லாமல் சாப்பிட மாட்டார்.

“வீடியோ பார்த்தேம்மா. ரொம்ப அழகு. ஒரு சந்தேகம். வீட்டு முகப்பு இந்தப் பக்கம் இருக்கு, சூரியன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. உதிக்கிற சூரியன்னா வீடு மேற்குப் பார்த்த வீடு. இல்ல, வீடு கிழக்குப் பார்த்ததுதான்னா அது மறையுற சூரியன். ரெண்டுல எதும்மா?”

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்படாமல் விட்ட ஒரே இடம் அந்தச் சூரியன்.

குரூப்பில் ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். “கிழக்குன்னு சொன்னாங்களே?” என்று ஒருவர். “மேற்குன்னாலும் பரவாயில்லை, இப்போல்லாம் யார் பார்க்கறாங்க” என்று ஆறுதல் சொன்னார் இன்னொருவர். அந்த ஆறுதல்தான் அண்ணிக்குத் தாங்கவில்லை. உடனே எனக்குப் போன் வந்தது.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணி என்னை ‘டி’ போட்டுத்தான் கூப்பிடுவார். ‘ம்மா’ போட்டு, ‘ங்க’ போட்டுப் பேசினால் மனசு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். “இந்தக் கிழக்குக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். நீங்க ஒரே நாள்ல என் வீட்டையே திருப்பி வெச்சுட்டீங்களேம்மா.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரிசெய்துவிடுகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. சூரியனை வீட்டுக்கு வலது பக்கம் நகர்த்தினால் அது வடக்கில் உதித்தது. இடது பக்கம் நகர்த்தினால் தெற்கில் உதித்தது. சூரியனையே எடுத்துவிட்டாலோ, வாடகைக்கு விடப்படும் என்று போர்டு மாட்ட வேண்டியதுதான் பாக்கி, அப்படி இருந்தது வீடு. கிழக்குப் பார்த்த வீட்டை முகப்பிலிருந்து படம் எடுத்தால் காலைச் சூரியன் எடுக்கிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். படத்துக்குள் வரவே வராது. சூரியன் இல்லாமல் ஃப்ளேர் எங்கிருந்து வரும்? மென்பொருளில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அண்ணியின் ஒரு வாசலை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

யோசித்தால், அந்த வீட்டுக்கு நான் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில்தான். அங்கே காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணிக்குப் போன் செய்து, நாளைக் காலையில் வரட்டுமா என்று கேட்டேன்.

“வாங்கம்மா. வாசல் எந்தப் பக்கம்னு பார்த்துட்டுப் போங்க” என்றார்.

மறுநாள் விடியும்போதே ஸ்கூட்டரில் கிளம்பினோம். மகள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக முன்னால் நின்றுகொண்டாள். காவிரிப் பாலத்தில் போகும்போது வலது பக்கம் ஆற்றுக்கு மேலே வானம் சிவந்துகொண்டிருந்தது. “கிழக்கு எங்க இருக்குன்னு ஒரு தடவை நல்லாப் பார்த்துக்க” என்றார் என் கணவர். அவர் முதுகில் ஒரு அடி போட்டேன்.

அண்ணி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் எங்களுக்குக் காபி கொண்டுவந்திருந்தார், ஃபிளாஸ்க்கில். பால் காய்ச்சுவதற்கு முன் புது வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது இல்லையா? மகள் நேராக மணல் குவியலுக்கு ஓடினாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று, வீட்டைப் பார்த்தபடி போனில் படம் எடுக்கத் தொடங்கினேன். வாழைத் தோப்புக்கு மேலே சூரியன் ஏறியதும் வெயில் என் தோளைத் தாண்டிப் போய் வாசல் நிலையில் விழுந்தது. சிமென்ட் சுவர் சந்தனம் பூசின மாதிரி ஆனது. அழகுதான். ஆனாலும் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றுமில்லையே என்று எனக்குள் வழக்கமான கவலை.

அண்ணி அதற்குள், பாலிஷ் போட்டு வாங்கி வந்திருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைப் பேப்பரிலிருந்து பிரித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். கறை போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

பளீரென்று ஒரு ஒளி. என் போன் திரை முழுக்கக் கதிர் சிதறியது. வாசலுக்குக் குறுக்கே வண்ண வட்டங்கள் வரிசையாக விழுந்தன. நான் மென்பொருளில் மாய்ந்து மாய்ந்து உருவாக்கின அதே ஃப்ளேர்.

“அண்ணி, அசையாதீங்க!” என்று கத்தினேன்.

அண்ணி அப்படியே உறைந்துபோனார். உதடு மட்டும் அசைந்தது. “ஏண்டி, பாம்பா?”

‘டி’ வந்துவிட்டது. எனக்கு அதுவே போதும். என் கணவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. பாம்பு இல்லை, சூரியன் என்று நான் விளக்கிச் சொல்வதற்குள் அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தாம்பாளத்தை இப்படிச் சாய்க்கட்டுமா, அப்படிச் சாய்க்கட்டுமா, புடவை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று ஒரே உற்சாகம். தட்டிலிருந்து காம்பவுண்ட் சுவரில் விழுந்த வெளிச்ச வட்டத்தைப் பிடிக்க என் மகள் ஓடினாள். பிறகு அண்ணியிடம் போய்த் தாம்பாளத்தை எட்டிப் பார்த்து, என்னைத் திரும்பிக் கேட்டாள்: “அம்மா, இது நெஜ சூரியனா?”

நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்ல வந்து, தட்டுக்குள் எப்படிச் சூரியன் என்று தோன்றியது. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. இந்த முறை ஊட்டுவதற்குக் கையில் இட்லியும் இல்லை.

புது வீடியோவில் அண்ணி கதவைத் திறந்து தாம்பாளத்தோடு வெளியே வருவார். தட்டில் ஒளி வெடிக்கும். அதிலிருந்து எழுத்துகள் வரும். எழுத்துகள் மட்டும்தான் என் வேலை. குரூப்பில் போட்டோம். சின்ன மாமனாரின் பதில் உடனே வந்தது.

“இப்போ வாசல் கரெக்டா இருக்கும்மா. அந்தத் தட்டுல போட்டிருக்கிற எஃபெக்ட் மட்டும் கொஞ்சம் ஓவர். நம்பற மாதிரி இல்ல.”

“அது எஃபெக்ட் இல்ல மாமா, என் தாம்பாளம்!” என்று அண்ணி பதில் போட்டார். அவரோ நம்பவில்லை. கிரகப்பிரவேசத்தன்று ஹோமம் முடிந்து, பால் பொங்கி, வெயில் ஏறியதும், சின்ன மாமனார் வெற்றிலை பாக்கைக் கீழே எடுத்து வைத்துவிட்டு அந்தத் தாம்பாளத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பந்தியில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, “யாருங்க அது?” என்று சத்தம் போட்டார். அன்று பொங்கலில் உப்பைப் பற்றிச் சின்ன மாமனார் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வீடியோவைப் பார்த்து இரண்டு குடும்பத்தினர் என்னிடம் வேலை கொடுத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் முதல் கேள்வியாக “வாசல் எந்தப் பக்கங்க?” என்று கேட்டுவிடுகிறேன். நான்கு முறை இனிஷியலைச் சரிபார்ப்பதைவிட, ஒரு முறை அந்த இடத்தில் போய் நின்று பார்ப்பது மனசுக்கு எவ்வளவு நிம்மதி என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் கேஸை மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

என் மகளின் கேள்விதான் பாக்கி. நான் செய்த சூரியனை எல்லோரும் நம்பினார்கள், அதனால் ஒரு வீட்டின் திசையே மாறிப்போனது. தட்டில் வந்த சூரியனை ஒருவர் நம்பவே இல்லை. இதில் எது நிஜம் என்று நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அம்மா செய்வது பொய் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. திரையில் தெரிவதெல்லாம் நிஜம் என்றும் நம்பிவிடக் கூடாது. உங்கள் வீட்டுக் குழந்தைகள் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்து ஒரு காதுகுத்து வீடியோவுக்கு வானத்திலிருந்து பூமழை கேட்டிருக்கிறார்கள். அவள் மடியில் ஏறி உட்காருவதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும்.