ஜெபித்துக் கட்டிய தொண்டை

முதலில் தொண்டைதான் கட்டியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சளிகூட இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, என் மனைவி எஸ்தரிடம் கஞ்சி கேட்டபோது குரல் கரகரவென்று வந்தது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் ஜெபக் குழுவில் தொண்டை கட்டுவது பெருமை. சாத்தானை விரட்ட மெல்லிய குரல் போதாது என்று நம்பிய கூட்டம் நாங்கள். மேனாம்பேட்டில் ஒரு ஓட்டு வீட்டில் கூடுவோம். யாருக்கு வயிற்றுவலி வந்தாலும், யார் வீட்டில் சண்டை நடந்தாலும், அதற்குப் பின்னால் ஓர் அசுத்த ஆவி இருக்கும். அதை அதட்ட என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் ஆயிற்றே! கட்டிய தொண்டையோடு ஞாயிறு ஆராதனைக்குப் போனால், "பிரதர் இந்த வாரம் நல்லா போராடியிருக்காரு" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. இதெல்லாம் எண்பதுகளின் கடைசியில்.

மூன்று மாதம் கழித்து, என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஏழுமலை என்னை நிறுத்திக் கேட்டான்.

"இன்னா அண்ணாத்தே, தொண்ட இன்னும் கட்டிகினே கீது? ஆஸ்பத்திரில ஒரு தபா காட்டிகினு வாயேன்."

"ஜெபம் பண்றோம்பா. சரியாயிடும்."

"ஜெபம் பண்ணு, வேணான்னு யாரு சொன்னா? அப்டியே டாக்டரையும் பாரு. ரெண்டுக்கும் இன்னா சண்ட?"

ஏழுமலை நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். அவன் வாயில் பிசாசு பேசுகிறது, என் விசுவாசத்தைக் கலைக்கப் பார்க்கிறது என்று முடிவு கட்டினேன். மனதுக்குள் அவனைக் கடிந்துகொண்டு நகர்ந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆறாவது மாதம் சளியில் ரத்தம் வந்த பிறகுதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயாப்ஸி (சதையில் துளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று. டாக்டரம்மா அதட்டலான ஆள். ஆனால் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"இயேசுவ ஏத்துக்கறதுக்கு முன்னாடி பீடி. பன்னண்டு வருஷம்."

"ஆரம்பத்துலதான் இருக்கு. குரலைக் காப்பாத்திடலாம்" என்றார்.

ரேடியேஷன் (கதிர்வீச்சுச் சிகிச்சை) கொடுத்தார்கள். ஆறு வாரம், தினமும் ரயிலில் போய் வந்தோம். கழுத்துத் தோல் கருகிப்போனது. எச்சில் விழுங்கினால் மிளகாய் விழுங்கியதுபோல எரிந்தது. ஆனால் சில வாரங்களில் குரல் திரும்பியது! "நல்லா இருந்தாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும்" என்றார் டாக்டரம்மா. தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எங்கள் சபைகளில் தேவன் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. கர்த்தர் என்னை முழுசாகச் சுகமாக்கிவிட்டார், புற்று வேரோடு போய்விட்டது என்று முழங்கினேன். ரேடியேஷனைப் பற்றி மூச்சு விடவில்லை. கொரட்டூரில் கூப்பிட்டார்கள், காட்டுப்பாக்கத்தில் கூப்பிட்டார்கள். வீட்டுக்கூட்டம் வீட்டுக்கூட்டமாக அதே சாட்சி. சொல்லச் சொல்ல எனக்கே அது முழு உண்மையாகிவிட்டது. முழுசாகச் சுகமானவன் செக்கப்புக்குப் போனால் என்ன அர்த்தம்? போகவில்லை.

ஒரு வருஷம் கழித்துக் குரல் மறுபடியும் கரகரத்தது.

"இன்னாங்க, பழையபடி வருதே. போய் காட்டலாங்க" என்றாள் எஸ்தர்.

"வாயத் தொறந்து அப்டி சொல்லாத. நீ சொன்னா பிசாசுக்குக் கதவத் தொறந்து உட்டாப்ல ஆயிடும்."

நோய் இருக்கிறது என்று வாயால் அறிக்கையிட்டால், பெற்ற சுகத்தைப் பிசாசு பறித்துக்கொள்வான் என்பது எங்கள் நம்பிக்கை. எஸ்தர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எட்டு மாதம் என் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாஸ்டர் ஐயா நல்ல மனிதர்; "செக்கப் போறீங்கல்ல, பிரதர்?" என்று அவராகவே கேட்டார். "போனேங்கய்யா, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

படி ஏறும்போது மூச்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா என் பழைய சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வரச் சொன்னேனே! ஏன்யா வரல?"

என்ன சொல்வேன்? சாட்சி சொல்லிவிட்டேன் என்றா?

"இனி உயிர் வேணும்னா குரல் போகணும்" என்றார்.

குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு சிறு குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். இருமினால் சளி கழுத்தில் வரும். எஸ்தர் ஈரத் துணி கட்டிவிடுவாள். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். மூக்கு வெறும் அலங்காரம், மீன் கருகினாலும் தெரியாது. சூடான காப்பியை ஊதி ஆற்ற முடியாது. மூச்சை அடக்க முடியாததால் ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தம் பிடித்துத் தூக்க முடியாது. இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கட்டியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஜெபியுங்கள், நன்றாக ஜெபியுங்கள். ஆனால் பஸ்ஸில் போகும்போது ஜெபியுங்கள். சாத்தான் எங்கே ஒளிந்திருந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். என் பெருமையில் இருந்தான் என்று யாராவது பிரசங்கம் செய்யலாம். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

போன மாதம் துளையின் ஓரத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு எஸ்தரிடம் சொன்னார்: "இதுக்கு மேல வெட்டறதுக்கு ஒண்ணுமில்லம்மா. வலி தெரியாம பாத்துக்கலாம்."

இப்போதெல்லாம் எனக்கு நாள் என்பது குழாயைக் கழுவும் வேளைகள்தான். அடுத்த வாரம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் பேச்சிலோ சிலேட்டிலோ எடுப்பதில்லை. பொங்கல் வரும்போது நான் இருப்பேனா என்று பயமாக இருக்கிறது. ஆம், பயம்தான். மேனாம்பேட்டிலிருந்து வந்து என்னைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபிக்கிறார்கள். அவர்கள் போனதும் பயம் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீட்டில் வாய்விட்டு ஜெபித்தது எப்போதும் நான்தான். எஸ்தருக்கு நான் இடம் கொடுத்ததே இல்லை. குரல் போன பிறகு அவள் ஜெபிக்கத் தொடங்கினாள். ஆரம்பத்தில் என் வார்த்தைகளையே சொன்னாள்: பிசாசைக் கட்டுகிறேன், விரட்டுகிறேன் என்று. அவள் வாயில் அது ஒட்டவில்லை.

நேற்று மத்தியானம் துளையைத் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாதாரணமாகப் பேசினாள்.

"ஏசப்பா, இந்த மன்சன் ரொம்ப கஷ்டப்படறாரு. இவரு என்கூட இருக்கணும்னுதான் எனக்கு ஆச. ஆனா போதும்பா. சீக்கிரமா இட்டுகினு போயிடு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண்ணைத் திறக்கவில்லை. நான் திட்டுவேன் என்று பயந்தாள் போலிருக்கிறது. ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய அவிசுவாசம் இல்லை என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன்.

நான் வாயைத் திறந்து ஆமென் என்றேன். சத்தம் வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.